கை நுழையும் மடிப்பு

புது ஊரில் பேருந்தைவிட்டு இறங்கியதும் நெட்டையன் செய்த முதல் காரியம், நிலையத்துக் கழிப்பறைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டதுதான். நெற்றியில் ஏதாவது எழுதி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தான். தலையில் எழுதினது கண்ணாடியில் தெரியாது என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் பார்த்தான். பயந்தவன் மனசு அப்படித்தான்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால் கோர்ட்டு வாசலில் ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்துக் கேட்டிருந்தான்.

"அண்ணே, நான் தூரமா எங்கயாவது போயிட்டா இந்தக் கேசு என் பின்னாடியே வருமா?"

குமாஸ்தா பல் குத்திக்கொண்டிருந்தார். குச்சியை எடுக்காமலே பதில் சொன்னார். "கேட்டா வரும். கேக்கலைன்னா அது பாட்டுக்கு அலமாரியில தூங்கும்."

"யாரு கேட்டா?"

"யாரு கேட்டாலும்தான். நீ யாரையும் கேக்க வைக்காம இருந்துக்கோ."

அத்தனை பெரிய சட்டத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த நீதிபதியும் சொல்லிவிட முடியாது. நெட்டையன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். யாரையும் கேட்க வைக்கக் கூடாது. அவ்வளவுதான் வாழ்க்கை.

அவன் செய்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூடி மறைப்பதற்கு அவன் எனக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. ஒரு கிடங்கில் காவலாளியாக இருந்தான். தெரிந்த பயல்கள் இரண்டு பேர் வந்து, "பின்கதவுத் தாழ்ப்பாளை மட்டும் எடுத்து விட்டுடு, நாலு பெட்டியோட போயிடுவோம்" என்றார்கள். எடுத்து விட்டான். உள்ளே இன்னொரு காவலாளி இருந்தார், வயசானவர். சத்தம் கேட்டு எழுந்து வந்தார். கம்பியால் ஒரு போடு போட்டார்கள், ஒரு கண் போயிற்று. நெட்டையன் அவரைத் தொடக்கூட இல்லை, வாஸ்தவம்தான். ஆனால் அடித்தவனுக்கும் கதவைத் திறந்துவிட்டவனுக்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. அந்தக் கிழவரின் கண்ணுக்கும் கிடையாது. உள்ளே போன முதல் வாரமே அவனுக்குக் 'கதவு' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

தண்டனை முடிந்து வெளியே வந்தபோது எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தான். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும். சொந்த ஊரில் சுமை தூக்கக்கூட அவனைக் கூப்பிடவில்லை. அதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பான். மகள் விஷயம்தான் பொறுக்க முடியவில்லை. வகுப்பில் யாருடைய பேனா காணாமல் போனாலும் டீச்சர் முதலில் அவள் பையைத்தான் கொட்டிக் காட்டச் சொன்னாள். ஒருநாள் மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க நெட்டையன் பள்ளிக்கூடம் போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தான். மகள் வந்து உட்கார்ந்தாள், பையின் வாயைத் தானே அகலமாகத் திறந்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி காலடியில் வைத்தாள். சாயங்காலம் கேட்டபோது, "கேக்கறதுக்கு முன்னாடியே காட்டிட்டா நல்லதுதானேப்பா" என்றாள். பதின்மூன்று வயசுப் பெண் பேசுகிற பேச்சா இது? அன்றைக்கே அவனுக்கு அந்த ஊர் செத்துப்போயிற்று.

மனைவியையும் மகளையும் அங்கே விட்டுவிட்டு முதலில் தான் மட்டும் கிளம்பி வந்தான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்கட்டில் சலவைக்கூடம். அதன் மேலாளர் அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்.

"பழைய ஊரை ஏன் விட்டீங்க?"

"ஊர் ஒத்துக்கலைங்க மேடம்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வேலை கிடைத்தது. முதலில் தற்காலிகம். நல்லபடியாக இருந்தால் நிரந்தரம். நிரந்தரமானவர்களுக்கு ஆஸ்பத்திரி மதிலை ஒட்டி இரண்டு அறை வீடு. வீடு கிடைத்தால் மகளை அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடலாம். நெட்டையன் காலையில் கண் விழிப்பதும் இதை நினைத்துத்தான், படுப்பதும் இதை நினைத்துத்தான்.

வேலை அவனுக்குக் கஷ்டமாக இல்லை. ஜெயிலிலும் அவனுக்குச் சலவைதான். கொதிக்கிற தண்ணீரின் ஆவி, சோடா நெடி, ஈர விரிப்பின் கனம் எல்லாம் பழகினவை. காய்ந்த விரிப்புகளைக் கையில் எடுத்ததும் கை தானாக வேலை செய்தது. நாலாக மடித்து, ஒரு பக்கத்தை மட்டும் மூடாமல், உள்ளங்கை நுழைகிற அளவு வாய் விட்டு அடுக்கினான். உள்ளே அப்படித்தான் மடிக்க வேண்டும். வார்டர் வந்து ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பார். பீடியோ பிளேடோ ஒளித்து வைத்திருக்கக் கூடாது பாருங்கள், அதற்காக. வாய் மூடி மடித்தால் முதுகில் விழும். அப்படி விழுந்து விழுந்து கற்ற மடிப்பு.

இங்கே அதன் கதையே வேறாகிவிட்டது. அந்த வாயில் கையை விட்டு ஓர் உதறு உதறினால் விரிப்பு ஒரே வீச்சில் கட்டில்மேல் விரிந்தது. நர்சுகளுக்கு ஒரே சந்தோஷம். மேலாளர் அம்மா வந்து பார்த்தார், "இது யார் வேலை?" என்று கேட்டார், மறுநாளிலிருந்து எல்லாரும் இப்படித்தான் மடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். இஸ்திரி போடுகிற அக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா? 'நெட்டையன் மடிப்பு' என்று பெயரும் சூட்டிவிட்டாள்.

"எங்கண்ணே கத்துக்கிட்டீங்க இதை?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுல எங்கம்மா இப்படித்தான் மடிப்பாங்க."

செத்துப்போன அம்மாமேல் பழியைப் போட்டுவிட்டு, குனிந்து அடுத்த விரிப்பை எடுத்தான். அன்று முழுக்க நெஞ்சு குறுகுறுத்தது. போகப் போகப் பழகிவிட்டது. ஆஸ்பத்திரியின் எல்லா மாடிகளிலும், எல்லா அலமாரிகளிலும், அவனுடைய ஜெயில் வாயைத் திறந்துகொண்டு அடுக்கடுக்காக இருந்தது. ஒருத்தருக்கும் அது தெரியவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது அவனுக்கு. சும்மா சொல்லக் கூடாது, அத்தனை வருஷத்தில் அவன் தலை நிமிர்ந்தது அப்போதுதான்.

வீடு ஒதுக்குகிற பட்டியலில் அவன் பெயரும் இருப்பதாக மேலாளர் அம்மா ஒருநாள் சொன்னார். மகளிடம் போனில் சொன்னான்.

"அப்பா, ஜன்னல் இருக்கா?"

"ரெண்டு இருக்கும்மா."

"தெருப் பக்கமா?"

"மதில் பக்கம் ஒண்ணு, தெருப் பக்கம் ஒண்ணு."

"தெருப் பக்கம் எனக்கு" என்றாள். அவள் ஒன்றைத் தனக்கு வேண்டும் என்று கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. நெட்டையன் போனை வைத்துவிட்டுச் சோப்பு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதான்.

அந்த மாதம்தான் துணி அள்ளிப் போட ஒரு புது ஆளைச் சேர்த்தார்கள். குட்டையாக, கழுத்தே இல்லாத மாதிரி ஒருத்தன். எல்லாரும் 'புதுசு' என்று கூப்பிட்டார்கள். முதல் நாள் மத்தியானம் மடிக்க ஆள் போதவில்லை என்று அவனை மேஜையில் நிறுத்தினார்கள். அவன் ஒரு விரிப்பை எடுத்தான், நாலாக மடித்தான், ஒரு பக்கம் வாய் விட்டான், உதட்டுக்குள்ளே "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு" என்று முனகிக்கொண்டே அடுக்கினான்.

"பாருங்கண்ணே, நான் கத்துக்க ஒரு வாரம் ஆச்சு. இவருக்குச் சொல்லித் தராமலே வருது!" என்றாள் இஸ்திரி அக்கா.

நெட்டையன் மடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். எண்ணிக்கை தப்பாமலிருக்க வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே மடிக்கிறவன் உலகத்திலேயே ஒருத்தன்தான். உள்ளே அவனுக்கு 'வாய்ப்பாடு' என்றே பெயர். நெட்டையனின் அம்மா இறந்தபோது போய்ப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி கிடந்தான். அப்போது அவன் பங்கு விரிப்புகளையும் சேர்த்து மடித்துப் போட்டவன், தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு "ஒரு வாய்ண்ணே, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சினவன் இவன்தான்.

கைகழுவும் குழாயடியில் புதுசு அவன் பக்கத்தில் வந்து நின்றான். முகமெல்லாம் பல்.

"கதவண்ணே! நீங்களா? மடிப்பைப் பார்த்ததுமே நினைச்சேன்."

நெட்டையன் குழாயை மூடினான். "யாருங்க நீங்க? எனக்குத் தெரியலையே."

புதுசின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. "தப்பா நினைச்சுக்காதீங்க. ஆள் மாறிப்போச்சு" என்று சொல்லிவிட்டுத் துணிவண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே பார்க்கக்கூட இல்லை.

அத்தோடு நெட்டையன் நிம்மதியாக இருந்திருக்கலாம். எங்கே இருக்க விட்டது மனசு? புதுசுக்கு இன்னும் உள்ளேயிருந்த பழக்கம் போகவில்லை. மேலாளர் அம்மா வந்தால் செய்கிற வேலையை விட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டி, சுவரோரம் போய் நின்றான். பூட்டாத கதவுக்கு முன்னால் போய், யாராவது திறந்துவிடுவார்கள் என்று காத்து நின்றான். "என்னங்க, கதவு கும்பிட்டாத் திறக்குமா?" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். நெட்டையனுக்குச் சிரிப்பு வரவில்லை. இவனை இன்றைக்கோ நாளைக்கோ கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு இரண்டு பேருக்கும் மடிப்பு ஒன்றாக இருக்கிறதே என்று யோசிப்பார்கள் என்று பயந்தான். மடிப்பை மாற்றிப் பார்த்தான். இஸ்திரி அக்கா பிடித்துக்கொண்டாள். "என்னண்ணே, உங்க மடிப்பை நீங்களே மறந்துட்டீங்களா?" தான் தோண்டின குழி எத்தனை ஆழம் என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுச் சாவி தருகிற நாளும் குறித்தாயிற்று. மனைவி வாடகை அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டாள். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து விலக்கியாயிற்று. அந்த நேரம் பார்த்து, மூன்றாம் மாடியில் ஒரு நோயாளியின் கைக்கடிகாரத்தைக் காணவில்லை. செத்துப்போன புருஷன் கட்டியிருந்த கடிகாரம் என்று அந்த அம்மாள் அழுதாள். விரிப்போடு சுருட்டிக் கீழே போயிருக்கும் என்று அவளுடைய பிள்ளைகள் சலவைக்கூடத்தைக் கைகாட்டினார்கள். மூட்டை மூட்டையாகக் கொட்டித் தேடினார்கள். கிடைக்கவில்லை.

மேலாளர் அம்மா எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார். "யாரையும் நான் சந்தேகப்படலை. ஆனா மேலிடத்துல விடமாட்டேங்கறாங்க. உங்க எல்லாருடைய பழைய ஊருக்கும் ஆள் விட்டுக் கேக்கப் போறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

கேட்டா வரும்.

நெட்டையன் அன்று சாப்பிடவில்லை. எல்லாரைப் பற்றியும் கேட்டால் செத்தோம். ஒருத்தனைப் பற்றி மட்டும் கேட்டால் தப்பித்தோம். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. அவன் கெட்டவனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காலடியில் திறந்து வைத்த ஒரு பள்ளிக்கூடப் பை அவன் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. அதுதான் எனக்குத் தெரியும். எழுந்து மேலாளர் அறைக்குப் போனான்.

"மேடம், எல்லாரையும் எதுக்குச் சங்கடப்படுத்தணும்? புதுசா வந்தவரை மட்டும் விசாரிச்சாப் போதும்."

"ஏன்? அவர் எடுத்ததைப் பார்த்தீங்களா?"

"பார்க்கலை. ஆனா அவர்... ஜெயில்ல இருந்துட்டு வந்தவர் மேடம்."

மேலாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வழியெல்லாம் என்னென்னவோ ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவன், இந்த ஒரு கேள்வியை நினைக்கவே இல்லை. யாரோ சொன்னார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவனே உளறினான் என்று சொல்லியிருக்கலாம். ஆயிரம் பொய் இருக்கிறது உலகத்தில். பதற்றத்தில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. உண்மைதான் வந்தது.

"மடிக்கிறதைப் பார்த்தேன் மேடம். முதல் நாளே, யாரும் சொல்லித் தராம, ஒரு பக்கம் வாய் விட்டு, கை நுழையற மாதிரி மடிச்சார். அது ஜெயில் மடிப்பு. வார்டர் கை விட்டுப் பார்க்கறதுக்காக அப்படி மடிக்கச் சொல்லுவாங்க. வெளிய எங்கயும் கிடையாது."

சொல்லி முடித்ததும் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. மேலாளர் அம்மா அவனைத் தாண்டி, அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்தார். மாடிகளுக்குப் போக வேண்டிய விரிப்புகள் அதில் அடுக்கியிருந்தன.

"வெளிய எங்கயும் கிடையாதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நெட்டையன் திரும்பிப் பார்த்தான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று வந்தவர்களிடம் வலியப் போய்ச் சொன்ன பிள்ளையின் கதைதான். மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"எங்கம்மா..." என்று ஆரம்பித்தான்.

மேலாளர் அம்மா கேட்டார், கேட்டதும் வந்தது. இரண்டு பேருடையதும் வந்தது. இதற்குள் கடிகாரம் அந்த அம்மாளின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டது. அவளே வைத்துவிட்டு மறந்திருந்தாள். கடிகாரம் கிடைத்ததற்காக, ஒருமுறை கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்கிற வழக்கம் எந்த அலுவலகத்திலும் கிடையாது.

இருவரையும் ஒன்றாக நிறுத்தி வைத்துக் கேட்டார். புதுசிடம், "இவரை முன்னாடியே தெரியுமா?" என்றார்.

புதுசு கையைப் பின்னால் கட்டியபடி நின்றான். "இல்லைங்க மேடம். இங்க வந்துதான் பார்த்தேன்."

எல்லாம் தெரிந்துபோன பிறகும், குழாயடியில் சொல்லாமல் கொடுத்த வாக்கை அவன் காப்பாற்றினான். நெட்டையனுக்கு அதைக் கேட்பதைவிடச் செருப்படி வாங்கியிருக்கலாம் என்று இருந்தது.

"நீங்க முதல்லயே உண்மையைச் சொல்லியிருக்கலாம்" என்றார் மேலாளர் அம்மா, நெட்டையனைப் பார்த்து.

"சொல்லியிருந்தா வேலை கொடுத்திருப்பீங்களா மேடம்?"

அவர் நல்ல மனுஷி. பொய் சொல்லத் தெரியவில்லை. "கொடுத்திருக்க மாட்டேன்" என்றார்.

சலவைக்கூடத்துக்குச் சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? "பாம்பின் கால் பாம்பறியும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் இஸ்திரி அக்கா. ஆனால் சொல்லும்போதே அவள் கை மேஜைமேல் ஒரு விரிப்புக்கு வாய் விட்டு மடித்துக்கொண்டிருந்தது. மடிப்பை மாற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நர்சுகளுக்கு அது வசதியாக இருந்ததே! ஆளை அனுப்பிவிட்டு மடிப்பை வைத்துக்கொண்டார்கள்.

பின்வாசல் கதவருகில் புதுசு தன் பையோடு நின்றுகொண்டிருந்தான். பூட்டாத கதவு. யாராவது திறக்கட்டும் என்று நின்றான். நெட்டையன் கையை நீட்டித் திறந்துவிட்டான். இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். திட்டுவான், காறித் துப்புவான் என்று நெட்டையன் எதிர்பார்த்தான். துப்பினால் தேவலை என்றுகூட இருந்தது.

"உங்களுக்குக் குழந்தை இருக்குல்லண்ணே" என்றான் புதுசு. "எனக்கு யாரு இருக்கா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போயிருப்பேனே."

சொல்லிவிட்டு இடது பக்கமாக நடந்தான். எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான் என்கிற மாதிரி நடந்தான். நெட்டையன் கூப்பிட வாயைத் திறந்தான். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் சொந்தப் பெயரைக் கேட்டதே இல்லை.

மனைவியும் மகளும் அன்று காலையிலேயே பேருந்து ஏறிவிட்டிருந்தார்கள். போன் பண்ணி வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நாலு தரம் போனை எடுத்தான், நாலு தரமும் வைத்துவிட்டான். வராதீர்கள் என்றால் வேறு எங்கே போவார்கள்? அறையைக் காலி செய்தாயிற்று. பள்ளிக்கூடமும் போயிற்று.

பேருந்து நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் மூட்டைகள். மனைவி அவன் முகத்தைப் பார்த்த உடனே எழுந்துவிட்டாள். அவளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எத்தனை வருஷமாக அந்த முகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள்!

"என்னங்க?" என்றாள். பிறகு மகளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

மகள் ஒன்றையும் கவனிக்கவில்லை. பேருந்தில் போர்த்திக்கொண்டு தூங்கிய போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிக்கூடப் பை வாய் மூடி, ஜிப் இழுத்து, பெஞ்சின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"அப்பா, இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாதுல்ல?"

"தெரியாதும்மா" என்றான்.

"தெருப் பக்கம் ஜன்னல் எனக்கு. மறக்கக் கூடாது."

சொல்லிக்கொண்டே போர்வையை நெஞ்சோடு வைத்து நாலாக மடித்தாள். கையைப் பார்க்கவில்லை, தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே மடித்தாள். ஒரு பக்கத்தை மூடாமல், உள்ளங்கை நுழைகிற அளவு வாய் விட்டு, தட்டிச் சரிசெய்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நெட்டையன் அதை வெடுக்கென்று பிடுங்கினான். "அப்படி மடிக்காதே!"

மகள் மிரண்டுபோய் அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா? நீங்க மடிக்கிற மாதிரிதானே மடிச்சேன்?"